பழைய பிராடோவா, புது டிஃபெண்டரா? ஏற்காட்டுத் தோட்டப் பாதையில் அளந்து பார்த்த கணக்கு

எங்கள் வீட்டு டொயோட்டா பிராடோ 2011-ல் பதிவானது. 2026-ல் 15 வருடம் முடிகிறது, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்து வைத்துக்கொள்வதா, இதோடு கொடுத்துவிட்டுப் புது வண்டிக்கு மாறுவதா என்று ஆறு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான். தம்பி டிஃபெண்டர் பக்கம். அம்மாவுக்கு எந்த வண்டியானாலும் சரி, முட்டி வலியோடு ஏறி உட்கார முடிந்தால் போதும். எனக்கு இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. அதனால் விலைப் பட்டியலை ஒரு கையிலும் அளவு நாடாவை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

முதலில் எங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். வீடு சேலம் கோரிமேட்டில். வாரத்தில் மூன்று நாள் அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காடு போய், நாகலூர் தாண்டித் தோட்டம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். கடைசி இரண்டரை கிலோமீட்டர் தார் கிடையாது. செம்மண், உருண்டைக் கல், மழை பெய்தால் வழுக்கும் களி. காப்பி மூட்டையும் உரமும் பிக்கப்பில் போய்விடும். இந்த வண்டியில் போவது நாங்கள், அம்மா, கூலிப் பணம், கொஞ்சம் கருவிகள். மாதம் ஒருமுறை சென்னைக்கோ பெங்களூருக்கோ நெடுஞ்சாலை ஓட்டம். ஆக மொத்தம், நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத ஓட்டம்தான் அதிகம்.

பார்த்த வண்டிகள் நான்கு. இருக்கிற பிராடோவைச் சீர்செய்து ஓட்டுவது, லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, டொயோட்டா லேண்ட் குரூசர் 300, அப்புறம் ஒரு படி இறங்கி ஃபார்ச்சூனர் 4x4.

தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறுபாலம் இருக்கிறது. கருங்கல் கட்டு, இரண்டு பக்கமும் இடுப்பளவுச் சுவர். நாடாவைப் பிடித்தபோது சுவருக்குச் சுவர் 2 மீட்டர் 31 சென்டிமீட்டர் வந்தது. பிராடோவின் அகலம் 1,885 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 21 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண் இடம் கிடைக்கிறது. டிஃபெண்டரின் உடல் அகலம் 1,996. பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் சொச்சம். லேண்ட் குரூசர் 300 அதைவிட ஒரு விரல் அகலம்தான் குறைவு, 1,980. ஃபார்ச்சூனர் 1,855, நான்கிலும் ஒல்லி அதுதான். காகிதத்தில் 11 சென்டிமீட்டர் வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். சாயங்காலம் பனி இறங்கியபின் அந்தச் சுவருக்கு நடுவில் நுழைபவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஈரோட்டில் மாமா மகன் டிஃபெண்டர் 110 டீசல் வைத்திருக்கிறார். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்த அன்று, அதைக் கொண்டுவரச் சொல்லி எங்கள் பாதையில் ஓட்டிப் பார்த்தோம். பாலத்தைக் கண்ணாடிகளை மடித்துவிட்டு மெதுவாகத் தாண்டினோம். அதற்கு மேல் மூன்றாவது வளைவில்தான் நின்றது. மேல் பக்கம் பாறை, கீழ் பக்கம் சரிவு, சரிவின் ஓரத்தில் மிளகுக் கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரம். பிராடோ அந்த வளைவை ஒரே திருப்பில் எடுத்துவிடும். அதன் திருப்பு ஆரம் 5.8 மீட்டர். டிஃபெண்டர் 110-க்கு 6.4 மீட்டர், பின்னால் தொங்கும் ஸ்டெப்னியோடு சேர்த்து நீளம் 5 மீட்டரைத் தாண்டுகிறது. ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. மேஸ்திரி மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்... போதும் தம்பி, மரம் இருக்கு" என்று கையைக் காட்டினார். அந்த மரத்தை வெட்டினால் வளைவு அகலமாகும். அப்பா நட்ட மரம், அதில் வருஷா வருஷம் மிளகு இறக்குகிறோம். வண்டிக்காக அதை வெட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

ஆனால் டிஃபெண்டரின் பெருமையையும் முழுசாகச் சொல்ல வேண்டும். வளைவு தாண்டிக் களிமண் ஏற்றம். பிராடோவில் லோ ரேஞ்ச் (வேகம் குறைத்து இழுப்பைக் கூட்டும் கியர்) போட்டு, வேகத்தை விடாமல் பிடித்து ஏற வேண்டிய இடம். டிஃபெண்டர் ஏர் சஸ்பென்ஷனை உயர்த்திக்கொண்டு, எந்தச் சக்கரம் சுழல்கிறதோ அதை அடக்கி, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு விசையைத் திருப்பி, சத்தமே இல்லாமல் ஏறிவிட்டது. ஆஃப்ரோடு உயரத்தில் தரையிலிருந்து 291 மில்லிமீட்டர் இடைவெளி, முன் ஏறுகோணம், அதாவது முன்பக்கம் தட்டாமல் ஏறக்கூடிய சரிவு, 38 டிகிரி. பிராடோவுக்கு 32. ஓடையில் 900 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்கிறது டிஃபெண்டர், பிராடோவுக்கு 700. முன் சக்கரத்துக்குக் கீழே இருக்கிற கல்லைக்கூடத் திரையில் காட்டுகிறது. இதற்காக ஒருவர் இறங்கி நின்று வழி சொல்ல வேண்டியதில்லை. மேலே பங்களா வாசலில் நிறுத்தியதும் வண்டி 50 மில்லிமீட்டர் தாழ்ந்து கொடுத்தது. அம்மா அதில் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "இது தேவலையே" என்றார். தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு என் மனசும் பாதி சாய்ந்தது உண்மை. திரும்பி வந்து இரவில் உட்கார்ந்து யோசித்தபோது எஞ்சின் பக்கம் வந்தேன். மலையில் ஓட்டுகிற எல்லாரும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி. அதற்குப் பின் வந்த பெரிய டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்கிற வடிகட்டி இருக்கிறது. எரியாத கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும், அதிகமாக டீசல் விட்டுப் புகையைச் சுமார் 600 டிகிரி வரை சூடாக்கி அந்தக் கரியை எரித்துவிடும். இதற்கு வண்டி ஒரு இருபது நிமிடமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். நடுவில் நிறுத்திவிட்டால் எரிப்பு பாதியில் நிற்கும். அப்படி அடிக்கடி நின்றால், எரியாமல் மிஞ்சும் டீசல் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின் ஆயிலில் கலக்கும். எங்கள் ஓட்டத்தில் மலை ஏறும்போது எஞ்சினுக்குப் பாரம் அதிகம், புகையும் சூடாக இருக்கும், அதனால் தோஷமில்லை. இறங்கும்போது கால் ஆக்சிலரேட்டரில் படுவதே இல்லை. தோட்டத்துக்குள் முதல் கியர், இரண்டாம் கியர் ஊர்வல்தான். வாரம் ஒருமுறை தொப்பூர் வழியாகத் தருமபுரி வரை ஒரு ஓட்டம் ஓட்டி வந்தால் வடிகட்டி சுத்தமாக இருக்கும். நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு அதற்கென்று தனியாக ஒரு பயணம். கூடவே புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ என்கிற யூரியாக் கரைசலின் தொட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஃபெண்டரில் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் வருகிறது, 300 குதிரைத்திறன். இந்தத் தொல்லை அதில் இல்லை. ஆனால் இரண்டே கால் டன் எடையை லோ ரேஞ்சில் ஏற்றும்போது டீசல் கொடுக்கிற அடி இழுப்பு அதில் கிடைக்காது, எரிபொருளும் அதிகம் குடிக்கும்.

பிராடோவில் இருப்பது 3 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல். 410 நியூட்டன் மீட்டர் இழுவிசை. டிஃபெண்டரின் டீசல் 650, 700 என்று கொடுக்கிறது, பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இதே குடும்ப எஞ்சின்தான் 2009 முதல் 2016 வரை வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனரிலும் இருந்தது. சேலத்தில் எத்தனையோ மெக்கானிக்குகள் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டியவர்கள். நாங்கள் விடும் பட்டறைக்காரர், "அண்ணே, இன்ஜெக்டருக்குக் கீழ இருக்கிற செம்பு வாஷரை மட்டும் காலா காலத்துல மாத்திட்டு வாங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்பார். அந்த வாஷர் கசிந்தால் கரி ஆயிலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் ஆயில் சல்லடையை அடைத்துவிடும். இந்த எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. டைமிங் பெல்ட் 1.5 லட்சம் கிலோமீட்டரில். எங்களுடையது 1.62 லட்சம் ஓடியிருக்கிறது, பெல்ட் மாற்றியாயிற்று.

டயரும் ஒரு சங்கதி. பிராடோவின் 265/65 ஆர்17 அளவுதான் ஃபார்ச்சூனருக்கும். காலையில் போன் செய்தால் சாயங்காலம் சேலத்திலேயே கிடைக்கும். டிஃபெண்டருக்கு 19, 20 அங்குலச் சக்கரம். சக்கரம் பெரிதாகப் பெரிதாக டயரின் பக்கச் சுவர் குட்டையாகிறது. கூர்க்கல்லில் வெட்டு விழ அதிக வாய்ப்பு அந்த இடத்தில்தான். அந்த அளவு டயரைச் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும் என்றார் நான் விசாரித்த டயர் கடைக்காரர். சர்வீஸுக்கும் கோவைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும்.

இனி பணம். டிஃபெண்டர் 110-இன் ஷோரூம் விலையை ஒரு கோடி என்று வட்டமாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்வரி 20 சதவீதம். ஆக 20 லட்சம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் விற்பவரே வசூலிக்கும் டி.சி.எஸ். வரி 1 சதவீதம், அதை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். காப்பீடும் சேர்ந்தால் 1.25 கோடியில் நிற்கிறது. இந்தப் பணத்தை வங்கியில் போட்டு 7 சதவீதம் வட்டி என்று பார்த்தாலே வருஷத்துக்கு 8.75 லட்சம். காப்பி விலை நன்றாக இருக்கிற வருஷம் இது பெரிதாகத் தெரியாது. பூக்கிற சமயத்தில் மழை பொய்த்த வருஷத்தை நினைத்துப் பார்த்தால் தெரியும்.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறியதை வைத்து, "இப்போ விலை இறங்கியிருக்கு, இதை விட்டா கிடைக்காது" என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய எஸ்.யூ.வி.க்கு 28 சதவீத வரியும் 22 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 50 ஆக இருந்தது, ஒரே 40 ஆகிவிட்டது. அது நல்லதுதான். ஆனால் முழு வண்டியாக இறக்குமதியாகும் விலை உயர்ந்த கார்களுக்குச் சுங்கம் 110 சதவீதம் இருக்கிறதே, பெரிய பாரம் அதுதான். 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதும் தம்பி சந்தோஷப்பட்டான், லேண்ட் ரோவர் பிரிட்டிஷ் கம்பெனி ஆயிற்றே என்று. டிஃபெண்டர் செய்யப்படுவது ஸ்லோவாக்கியாவில், நீத்ரா நகரத்தில். அங்கிருந்து வரும் வண்டிக்குப் பிரிட்டன் ஒப்பந்தம் பொருந்தாது. இன்னொரு பக்கம், ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் சேர்ந்த திட்டம் அது. அதே 2024-ல் ரேஞ்ச் ரோவரை இங்கேயே பூட்டப்போவதாக அறிவித்ததும் அதன் விலை எவ்வளவு இறங்கியது என்பதைப் பார்த்தோம். பொறுத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேண்ட் குரூசர் 300 பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 3.3 லிட்டர் வி6 டீசல், 700 நியூட்டன் மீட்டர், ஏணிச் சட்டகம், 5.9 மீட்டர் திருப்பு ஆரம். இவ்வளவு பெரிய வண்டி இவ்வளவு சின்ன இடத்தில் திரும்புவது ஆச்சரியம்தான். பிராடோவை நேசிக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஆசைப்படும் வண்டி. 2025 தொடக்கத்தில் அதன் விலை 2.31 கோடியிலிருந்து ஆரம்பித்தது. ஆயுள்வரி மட்டும் 46 லட்சம். எங்கள் தோட்டம் தாங்காது.

ஃபார்ச்சூனரைத்தான் நிறைய பேர் லேசாகத் தாண்டிவிடுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒன்று இருக்கிறது. 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், பெங்களூரு பக்கம் பிடதியில் செய்வதால் விலையும் டிஃபெண்டரில் பாதிக்குக் கீழே. பாலத்தில் இடம் தாராளம். வளைவில் ஒரே திருப்பு. ஒரே ஒரு குறை என் மனசில் நிற்கிறது. அது தேவைப்பட்டால் மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. தார் ரோட்டில் பின் சக்கர இழுப்பிலேயே போக வேண்டும், ஏனென்றால் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. காய்ந்த ரோட்டில் 4எச் (நான்கு சக்கர இழுப்பு) போட்டுத் திருப்பினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு முறுக்கும். பிராடோவிலும் டிஃபெண்டரிலும் எப்போதும் நான்கு சக்கரமும் வேலை செய்யும். மழைக்கால மலைப்பாதை ஒரு வளைவில் காய்ந்தும் அடுத்த வளைவில் சேறு வழிந்தும் கிடக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து, நாங்கள் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போன நாட்களில், ஓட்டுபவர் எதையும் தொடாமலே நான்கு சக்கரமும் பிடித்துக்கொண்டு வந்தது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தேன்.

ஏற்கெனவே ஓடிய டிஃபெண்டரே கிடைக்கிறதே என்று டெல்லி வண்டியைச் சிலர் காட்டினார்கள். விலை மலிவாக வருகிறது. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வரியும் கட்டியபின் மிச்சம் அவ்வளவாக இல்லை. வயதான ஏர் சஸ்பென்ஷனை யாரோ எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாமல் மலைக்குக் கொண்டுவர எனக்குத் தைரியம் வரவில்லை.

பிராடோவுக்கு எதிராக ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது 2009-ல் வெளிவந்த வடிவமைப்பு. தானாக பிரேக் போடுவது, லேன் விட்டு விலகினால் எச்சரிப்பது எதுவும் இல்லை. டிஃபெண்டர் 2020-ல் யூரோ என்கேப் என்கிற ஐரோப்பிய விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. வாரா வாரம் குடும்பத்தோடு இரவில் சென்னைக்கு ஓட்டுகிறவர் என்னிடம் கேட்டால், காசு கையில் இருந்தால் மாறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தோட்டப் பாதை அவருக்கு எப்போதோ ஒரு நாள். நெடுஞ்சாலையில் அவர் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருவது ஒவ்வொரு வாரமும்.

எங்கள் ஓட்டம் அது இல்லை. அதனால் பிராடோவை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம், அதோடு பசுமை வரி, தகுதிச் சோதனை. ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை. பட்டறைக்காரர் கொடுத்த எஸ்டிமேட் 4.25 லட்சம். நான்கு ஷாக் அப்சர்பர், முன் ஆர்ம் புஷ்கள், ரேடியேட்டர் ஹோஸ்கள், முன் பிரேக் டிஸ்க், வாஷர்கள், ஐந்து டயர், மங்கிப்போன முகப்பு விளக்குகளுக்குப் பதில் புதிது. பனிக்கு மஞ்சள் ஃபாக் விளக்கு கேட்டிருக்கிறேன். பின்பக்கக் கேமரா ஒன்றும் சேர்கிறது, அந்த சில்வர் ஓக் வளைவில் மேஸ்திரி மழையில் நிற்க வேண்டாம். இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்து வருவதற்குப் பழைய பிராடோவே போதும், பிரேக் காயாமல் அடிவாரம் வந்து சேருகிறோம்.

தம்பிக்கு வருத்தம்தான். பனப்பாக்கத்து வண்டி வரட்டும், ஐந்து வருடம் கழித்து மறுபடி நாடாவை எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் முட்டிக்கு மட்டும் டிஃபெண்டரில் கிடைத்த அந்த 50 மில்லிமீட்டரைத் தேட வேண்டியிருந்தது. இதுவரை டிக்கியில் ஒரு மர ஸ்டூலைப் போட்டுக்கொண்டு போவோம். அதை எடுத்து வைக்க ஆள் இல்லாதபோது அவர் தோட்டத்துக்கே வரமாட்டேன் என்பார். போன வாரம் செவ்வாய்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புப் படி ஒன்று அடித்து, சட்டகத்தில் போல்ட் போட்டு மாட்டினோம். கதவுக்கு உள்ளே தூணில் ஒரு கைப்பிடியும் வைத்தோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, படியில் ஒரு காலை வைத்து நின்று பார்த்தார். பட்டறைக்காரப் பையன் பக்கத்திலேயே ஸ்பானரோடு குந்தியிருந்தான்.

"இன்னும் ரெண்டு வெரக்கடை கீழ எறக்கு கண்ணு" என்றார் அவனிடம். இறக்கினான்.